கூட்டத்தில் வாசலுக்கும் ஓர் ஆள் வேண்டும்

தாராவி 90 அடி சாலைப் பக்கம் எங்கள் சந்தில், பொதுக் கழிப்பறைப் பராமரிப்பு பற்றி மாதாமாதம் கூட்டம் போடுவோம். பேசி முடித்த விஷயமே அடுத்த கூட்டத்தில் முதலிலிருந்து கிளம்பும். பெண்கள் வாயே திறக்க மாட்டார்கள். மைக் வைத்தோம், ஏற்கெனவே பேசுகிறவர்கள்தான் இன்னும் பேசினார்கள். காலைக்கு மாற்றினோம், தண்ணீர் பிடிக்கிற நேரம், பாதிப் பேர் வரவில்லை.

கடைசியில் பலித்தது, நடத்துபவருக்குத் துணையாக நாலு பேரை நிறுத்தியதுதான். ஒருவர் நேரம் பார்க்க, ஒருவர் குழந்தைகளைக் கவனிக்க. மூன்றாமவர் சுவரில் ஒட்டிய சார்ட்டில் எழுத. சொன்னவர் வார்த்தையிலேயே எழுத வேண்டும், திருத்தக் கூடாது. "ராத்திரி பல்பு எரியலைன்னா பொம்பளைப் பிள்ளைய எப்படி அனுப்புறது?" என்று ஓர் அக்கா சொன்னது அப்படியே சுவரில் ஏறியதும், பக்கத்தில் இருந்தவர்களும் பேச ஆரம்பித்தார்கள்.

நாலாமவர் வாசலில். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். வேலை முடித்துத் தாமதமாக வருகிறவர் பக்கத்தில் இருப்பவரிடம் "என்ன ஆச்சு?" என்பார்; அந்த மூலையில் தனிக் கூட்டம் தொடங்கிவிடும். முடிந்ததெல்லாம் திரும்பக் கிளம்பியது அங்கிருந்துதான். இப்போது வாசலில் இருப்பவர் நடந்ததை வெளியிலேயே சொல்லி உள்ளே அனுப்புகிறார்.

அப்புறம், கூட்டம் கலைந்ததும் ஐந்து பேரும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, இன்று யார் பேசவில்லை என்று பார்க்கிறோம். அப்பாடா, பல்பு போட்டாயிற்று. அடுத்து வசூல் கணக்கு.