டிவிஆர் கத்தினால் அதன் வாயை அடைக்காதீர்கள்

2021 ஆடி மாதத்தில் ஒரு மதியம், பரணில் இருந்த டிவிஆரில், அதாவது கண்காணிப்புக் கேமராக்கள் பிடிப்பதைப் பதிவு செய்யும் பெட்டியில் இருந்து 'பீப், பீப்' என்று விடாமல் ஒரு சத்தம். என் மனைவி சாப்பிட்டுவிட்டுக் கண் அசரும் நேரம். "என்னங்க, அந்தப் பெட்டிக்கு என்ன வந்துச்சுன்னு பாருங்க" என்றாள். ஏணி போட்டு ஏறி, மவுசைப் பிடித்து, மெனுவுக்குள் எங்கெங்கோ தட்டியதில் 'பஸ்ஸர்' என்று ஒரு கட்டம் கண்ணில் பட்டது. அதில் இருந்த டிக்கை எடுத்தேன். சத்தம் நின்றது. டிவியில் நாலு கேமராவும் பளிச்சென்று தெரிந்தன. சரி, வேலை முடிந்தது என்று நானும் போய்ப் படுத்துவிட்டேன்.

ஐப்பசியில் ஒரு மழை ராத்திரி, கொல்லையில் இருந்த அரை எச்.பி. மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஸ்டேஷனில் கேட்ட முதல் கேள்வி, "கேமரா இருக்கா சார்?" இருக்கிறது என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். வீட்டுக்கு வந்து பிளேபேக், அதாவது பழைய பதிவை ஓட்டிப் பார்க்கும் பக்கத்தைத் திறந்தால் காலண்டரில் ஜூலைக்குப் பிறகு ஒரு நாளில்கூடப் பதிவு இல்லை. ஹார்ட் டிஸ்க் செத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அன்றைக்கு அந்தப் பெட்டி அதைத்தான் கத்திச் சொல்லியிருக்கிறது.

முப்பது வருடம் கூட்டுறவு வங்கியில் காசாளராக இருந்தவன் நான். கல்லாவை எண்ணாமல் ஒருநாளும் வீட்டுக்குப் போனதில்லை. அப்படிப்பட்டவன் என் வீட்டுப் பெட்டியை மூன்று வருடம் எண்ணிப் பார்க்கவே இல்லை. கேமரா மாட்டியிருப்பவர்களில் பாதிப் பேர் என்னைப் போலத்தான் இருப்பார்கள் என்பது என் ஊகம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று மனதில் ஏற வேண்டும். டிவியில் படம் தெரிவது வேறு, அது பதிவாவது வேறு. டிஸ்க் செத்தாலும், டிஸ்க்கே இல்லாவிட்டாலும் நேரலைப் படம் தெரியும். மாதம் பிறந்ததும் நான் இப்போது செய்வது இதுதான்: பிளேபேக்கைத் திறந்து, நேற்று அதிகாலை மூன்று மணிக்குப் போய், ஒவ்வொரு கேமராவையும் அரை நிமிடம் ஓட்டிப் பார்க்கிறேன். ஏன் மூன்று மணி என்றால், கேமராவின் இரவு விளக்கு எரிகிறதா என்பதும் அப்போது தெரிந்துவிடும். பிறகு காலண்டரில் மிகப் பழைய பதிவு எந்தத் தேதி என்று பார்க்கிறேன். போன மாதம் பன்னிரண்டு நாள் இருந்தது, இந்த மாதம் நாலு நாள்தான் என்றால் எங்கோ கோளாறு. ஐந்து நிமிட வேலை.

அந்த பஸ்ஸரை மறுபடி போட்டுவிட்டேன். 'எக்ஸெப்ஷன்' அல்லது 'அப்நார்மாலிட்டி' என்று ஒரு பக்கம் இருக்கும். அதில் 'ஹெச்டிடி எரர்' (ஹார்ட் டிஸ்க் கோளாறு) என்பதற்கு நேரே சத்தமும் போன் அறிவிப்பும் இரண்டுமே இருக்கட்டும். அப்படியே 'ஓவர்ரைட்' என்பதையும் பாருங்கள். அது அணைந்திருந்தால் டிஸ்க் நிறைந்ததும் பதிவு நின்றுவிடும். போட்டிருந்தால் பழையதை அழித்துப் புதியதை எழுதிக்கொண்டே போகும்.

அடுத்தது டிஸ்க் கணக்கு. கடைக்காரர் "ஒரு டிபி போட்டிருக்கேன் சார், ஒரு மாசம் நிக்கும்" என்பார். நாமே கணக்குப் போடலாம். ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் எழுதினால் ஒரு நாளைக்கு 21.6 ஜிபி ஆகும். நாலு கேமராவுக்கு 86 ஜிபி. ஒரு டிபி, அதாவது ஆயிரம் ஜிபி டிஸ்க் பதினொன்றரை நாளுக்குத்தான் வரும். ஊருக்குப் போய் இரண்டு வாரம் கழித்துத் திரும்பினால், நீங்கள் கிளம்பிய அன்றைய பதிவு இருக்காது. மெனுவில் படத்தைச் சுருக்கும் முறை ஹெச்.264 என்று இருப்பதை, இன்னும் நன்றாகச் சுருக்கும் ஹெச்.265 ஆக்கி, பிட்ரேட்டை (அந்த எழுதும் வேகத்தை) பாதியாகக் குறைத்தால் கிட்டத்தட்ட அதே தெளிவில் இருபத்துமூன்று நாள் கிடைக்கும். எங்கள் வீட்டில் அப்படித்தான் ஓடுகிறது.

அசைவு இருந்தால் மட்டும் பதிவு செய் என்ற வசதியும் உண்டு. கேட்க நன்றாக இருக்கும். வாசலில் முருங்கை மரம் இருக்கும் வீட்டில் அது செல்லாது. ஆடிக் காற்றில் கிளை ஆடுவதை எல்லாம் திருடன் வந்ததாக எண்ணி எழுதிக்கொண்டே இருக்கும். வாசல் கேமராவுக்கு இருபத்துநாலு மணி நேரப் பதிவும், மற்றவற்றுக்கு அசைவுப் பதிவும் வைத்திருக்கிறேன்.

டிஸ்க் வாங்கும்போது கண்காணிப்புக்கென்றே வரும் டிஸ்க்காகப் பார்த்து வாங்குங்கள். டபிள்யூடி பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் என்று வருகின்றன. சாதாரண கம்ப்யூட்டர் டிஸ்க் ராத்திரி பகலாக ஓயாமல் எழுதுவதற்குச் செய்யப்பட்டதல்ல. எனக்கு முதலில் மாட்டிக்கொடுத்தவர் ஏதோ ஒரு பழைய கம்ப்யூட்டரில் இருந்து கழற்றியதைப் போட்டிருந்தார். மூடியைத் திறந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. தப்பு அவருடையது பாதி, திறந்து பார்க்காத என்னுடையது பாதி.

பெட்டியை எங்கே வைப்பது என்பதில் எங்கள் வீட்டில் பெரிய பஞ்சாயத்தே நடந்தது. டிவிக்குக் கீழே வைத்தால் திருட வருகிறவன் முதலில் அதைத்தான் தூக்குவான். பீரோவுக்குள் பூட்டினால் காற்றில்லாமல் வெந்துபோகும். பரணில் வைத்தோம். மேலே மொட்டை மாடித் தளம், அக்னி நட்சத்திரத்தில் டிஸ்க்கின் சூடு 56 டிகிரி காட்டியது. டிஸ்க் விவரப் பக்கத்தில் 'ஸ்மார்ட்' என்று ஒரு பிரிவு உண்டு, அதில் சூடு தெரியும். இப்போது படுக்கையறை அலமாரியில், கதவில் ஓட்டை போட்டு வைத்திருக்கிறேன். அதன் மேல் துணி அடுக்கக் கூடாது என்பது வீட்டில் சட்டம். கதகதப்புக்கு எறும்பு குடிவரும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை கரண்டைப் பிடுங்கிவிட்டுப் பிரஷ்ஷால் தட்டுங்கள்.

கரண்ட் விஷயத்தில் எல்லோரும் செய்கிற தப்பு ஒன்று: டிவிஆரை யுபிஎஸ்ஸில் போட்டுவிட்டு, கேமராக்களுக்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸை மெயின் லைனில் விட்டுவிடுவது. கரண்ட் போனால் பெட்டி ஓடும், நாலு கேமராவும் கறுப்பாகிவிடும். இரண்டையும் ஒரே பேக்கப்பில் போடுங்கள். எங்கள் வீட்டில் மொத்தமும் சுமார் 30 வாட். இரண்டு மாதத்துக்கு 43 யூனிட். இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் பாதியை இந்தப் பெட்டியே தின்றுவிடுகிறது என்று மனைவி இன்னும் முணுமுணுக்கிறாள்.

நேரத்தைப் பற்றி ஒரு கூத்து. பழையதை மாற்றி வாங்கிய புதுப்பெட்டி வந்த வாரம், பால்காரர் பதினொரு மணிக்கு வருகிறார் என்று காட்டியது. அவர் வருவது எட்டரைக்கு. பெட்டி நேரத்தை இணையத்தில் இருந்துதான் எடுத்துக்கொண்டிருந்தது, ஆனால் நேர மண்டலம் ஜிஎம்டி +8 என்று சீனக் கணக்கில் இருந்தது. சரியாக இரண்டரை மணி நேரம் முன்னால். +5:30 என்று மாற்றினேன். உள்ளே இருக்கும் சின்ன பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டால், ஒவ்வொரு முறை கரண்ட் போய் வரும்போதும் பெட்டி 2000ஆம் வருடத்துக்கே போய்விடும். பதிவு இருக்கும், நீங்கள் தேடும் தேதியில் இருக்காது. பெரும்பாலும் சிஆர்2032 பேட்டரிதான், கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும்.

இனி தேடுவது. எதிர் வீட்டுப் பையன் தன் சைக்கிளைக் காணவில்லை என்று ஒருநாள் வந்தான். "தாத்தா, உங்க கேமரால பாருங்க." சாயங்காலம் ஆறு மணிக்கு இருந்தது, காலை ஆறுக்கு இல்லை. பன்னிரண்டு மணி நேரத்தை வேகமாக ஓட்டிப் பார்த்தாலும் முக்கால் மணி ஆகும், நடுவில் கண் சொருகும். ஓட்டவே வேண்டாம். நேராக நடு ராத்திரி பன்னிரண்டுக்குப் போனோம், சைக்கிள் நிற்கிறது. மூன்றுக்குப் போனோம், இல்லை. ஒன்றரை, நிற்கிறது. இரண்டேகால், இல்லை. 1:52, நிற்கிறது. 2:03, இல்லை. இப்படிப் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே வந்தால் பத்து தடவைக்குள் சரியான நிமிடத்தைப் பிடித்துவிடலாம். 1:57. பையனின் சித்தப்பா, கையில் பையோடு, ரயிலைப் பிடிக்க அவரே எடுத்துக்கொண்டு போகிறார். ஜங்ஷன் ஸ்டாண்டில் போட்டுவிட்டுச் சொல்ல மறந்துவிட்டாராம்.

உண்மையிலேயே திருட்டு என்றால், அன்றைக்கே பென் டிரைவில் எடுத்துவிடுங்கள். சில வாரம் கழித்து எடுக்கலாம் என்று விட்டால் ஓவர்ரைட் அதைத் தின்றுவிடும். பென் டிரைவ் 'ஃபேட்32' முறையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சில பெட்டிகள் கண்டுகொள்ளவே கொள்ளாது. கூடவே பிளேயர் மென்பொருளையும் நகலெடுக்கச் சொல்லிக் கேட்கும், சரி என்று கொடுங்கள். சில பெட்டிகளின் கோப்பு சாதாரண பிளேயரில் ஓடாது. டிவி திரையைப் போனில் படம் பிடித்து அனுப்புவது வாட்ஸப்புக்குச் சரி, வழக்குக்கு உதவாது. 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி, மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் காட்ட ஒரு சான்றிதழ் வேண்டும். அதற்கு மூலக் கோப்பு கைபடாமல் இருப்பது நல்லது.

பாஸ்வேர்டை மாட்ட வந்தவர் வைத்துவிட்டுப் போனபடி விடாதீர்கள். 2016இல் 'மிராய்' என்ற வைரஸ் உலகம் முழுக்க இப்படிக் கம்பெனி பாஸ்வேர்டே மாற்றாத டிவிஆர்களையும் கேமராக்களையும் பிடித்துப் படை திரட்டித்தான், அக்டோபரில் அமெரிக்காவில் பெரிய பெரிய இணையதளங்களை முடக்கியது. நம் பரணில் இருக்கும் பெட்டிக்கும் அந்தப் படையில் சேரத் தகுதி உண்டு. பாஸ்வேர்டை மாற்றுங்கள். மறந்தால் மீட்க ஒரு மின்னஞ்சல் கேட்கும், மாட்டியவருடையதை அல்ல, உங்களுடையதைக் கொடுங்கள். செயலியில் யார் யார் போன் சேர்ந்திருக்கிறது என்றும் பாருங்கள். என் பெட்டியில் மாட்டிக்கொடுத்தவரின் போன் இரண்டு வருடமாக இருந்தது. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, சோதித்துப் பார்க்கச் சேர்த்தவர் எடுக்க மறந்திருக்கிறார். ஆனாலும் தூக்கிவாரிப் போட்டது.

பெங்களூரில் இருக்கும் மகனும் போனில் பார்ப்பான். "ஏம்ப்பா வெயில்ல நிக்கிறீங்க, உள்ள போங்க" என்று அங்கிருந்து அதட்டல் வரும். அவன் 'சப் ஸ்ட்ரீம்' என்ற சின்னப் படத்தில் பார்த்தால் ஒரு கேமராவுக்கு ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 230 எம்பி, பெரிய படத்தில் பார்த்தால் 450 எம்பி. வீட்டுக்குள் கேமரா வேண்டவே வேண்டாம் என்று மனைவி சொல்லிவிட்டாள். எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. பக்கத்து வீட்டுக் கிணற்றடி எங்கள் கொல்லைக் கேமராவில் விழுந்தது. 'பிரைவசி மாஸ்க்' என்பதைத் திறந்து அந்த இடத்தின் மேல் ஒரு கறுப்புக் கட்டம் போட்டுவிட்டு, அந்த அக்காவைக் கூப்பிட்டு டிவியில் காட்டினேன். அதுவரை என்னிடம் சரியாகப் பேசாமல் இருந்தவர், மறுநாள் கீரை கொடுத்தனுப்பினார்.

மற்றபடி வாரம் ஒருமுறை ஒட்டடைக் குச்சியால் கேமரா முகத்தைத் தட்டிவிடுங்கள். ராத்திரியில் இரவு விளக்கு பட்டுச் சிலந்தி நூல் கயிறு மாதிரி வெள்ளையாக மின்னும், பின்னால் ஆள் நின்றாலும் தெரியாது. கேமராவையும் கேபிளையும் இணைக்கும் பிஎன்சி கனெக்டர் மழையில் நனைந்தால் களிம்பு பிடித்துப் படம் அலையடிக்கும், அதைப் பிவிசி பெட்டிக்குள் வையுங்கள். பெரிய இடி இடித்தால் நான் மொத்தத்தையும் பிடுங்கிவிடுகிறேன். வெளியே ஓடும் கேபிள் வழியாக இடி இறங்கித்தான் எங்கள் பெட்டியில் நாலாவது கேமராவைச் செருகும் போர்ட் போனது.

புதுப்பெட்டி எடுத்தபோது பழையதைக் கொடுத்தால் ஐந்நூறு ரூபாய் குறைப்பதாகக் கடையில் சொன்னார்கள். பெட்டியைக் கொடுத்தேன், டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டேன். செத்த டிஸ்க் என்றாலும் நாங்கள் எத்தனை மணிக்குக் கதவைப் பூட்டுகிறோம், எந்தச் செடித்தொட்டிக்கு அடியில் சாவியை வைக்கிறோம் என்பதெல்லாம் அதற்குள் இருக்கிறது. இப்போது அது என் மேசையில், கரண்ட் பில்களுக்கு மேல் பாரமாக உட்கார்ந்திருக்கிறது.