அர்சூவா முதல் ஓ பெத்ரௌசோ வரை: எளிய காட்டுவழி நடையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருத்தூதர் யாகப்பரின், நம் ஊர்க் கோயில்களில் சந்தியாகப்பர் என்று வணங்கப்படுபவரின், சாந்தியாகோ நகரிலுள்ள கல்லறையை நோக்கிச் செல்லும் கமினோ என்ற திருப்பயணப் பாதைகளில் அதிகம் பேர் நடப்பது பிரெஞ்சு வழி. அதன் கடைசிக்கு முந்தைய நாள் நடை ஸ்பெயினின் கலீசியாவில் அர்சூவா தொடங்கி ஓ பெத்ரௌசோ வரை, ஏறத்தாழ 19 கிலோமீட்டர். செங்குத்தான ஏற்றம் எதுவும் கிடையாது. ஓக் மரங்களும் தைல மரங்களும் சூழ்ந்த மண்பாதை, நடுநடுவே சிற்றூர்கள். மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் நடந்தால், ஓய்வு நேரமும் சேர்த்து ஆறு மணி நேரத்தில் முடிந்துவிடும். இங்கே நேரும் தவறுகளில் பாதிக்கு மேல், வழி இவ்வளவு சுலபமாக இருப்பதாலேயே வருபவை.

முதல் தவறு, இரண்டு நாள் நடையை ஒன்றாக்குவது. சாந்தியாகோ பக்கத்தில்தானே என்று அர்சூவாவிலிருந்து ஒரே மூச்சாகக் கிளம்புகிறார்கள். மொத்தம் ஏறத்தாழ 39 கிலோமீட்டர். பல நாள் நடந்து களைத்த கால், வியர்வையில் ஊறிய தோல், பிற்பகுதியில் கூடிவரும் தார்ச்சாலை எல்லாம் சேர்ந்து, முன்காலில் தசைநார் வலியோ பாதத்தில் கொப்புளமோ பெரும்பாலும் கடைசிச் சில கிலோமீட்டரில்தான் வரும். அதைவிடப் பெரிய இழப்பு, பேராலயத்தை அடையும்போது நின்று செபிக்கக்கூடத் தெம்பில்லாமல் போவது. வழியில் சால்செதா என்ற சிற்றூரைத் தாண்டியதும் ஒரு நினைவிடம் வரும். கல்லில் பதித்த வெண்கலக் காலணிகள். 1993-ல், சாந்தியாகோவுக்கு ஒரு நாள் நடையே மீதமிருக்க, 69 வயதில் இறந்துபோன பயணிக்கானது அது. வேகமாகப் போகிறவர்கள் அதைக் கவனிக்காமலே கடந்துவிடுகிறார்கள். அங்கே ஒரு நிமிடம் நின்று செபம் சொல்லிவிட்டுப் போங்கள்.

அடுத்தது, இருட்டில் கிளம்புவது. ஐரோப்பாவின் மேற்கு விளிம்பில் இருந்தாலும் கலீசியாவின் கடிகாரம் மத்திய ஐரோப்பிய நேரத்தில் ஓடுகிறது. அதனால் ஜூனிலேயே சூரியன் உதிக்க ஏழு மணி ஆகிவிடும். அக்டோபர் நடுவுக்குப் பின் ஒன்பதை நெருங்கும். நம் வழக்கப்படி ஐந்து மணிக்குக் கிளம்பினால் காட்டுக்குள் டார்ச் வெளிச்சத்தில் மஞ்சள் அம்புக்குறிகளைத் தவறவிடுவீர்கள். கோடையில்கூட ஏழரைக்குக் கிளம்பினால் போதும். அரசின் பொது விடுதிகள் பிற்பகல் ஒரு மணிக்குத்தான் திறக்கும். அங்கே முன்பதிவு கிடையாது, வந்த வரிசைதான். இன்னொரு கமினோ பாதையான வடக்கு வழியும் அர்சூவாவிலேயே வந்து சேர்வதால் அங்கிருந்து கூட்டம் கூடும். இடம் கிடைக்குமோ என்ற பதற்றம் வேண்டாம் என்றால் முந்தைய நாளே தனியார் விடுதியில் படுக்கை சொல்லி வையுங்கள். பையை வாகனத்தில் அனுப்புகிறவர்களும் தனியார் விடுதிக்கே அனுப்ப வேண்டும், அரசு விடுதிகள் அதை வாங்கிக்கொள்வதில்லை.

மழையைக் குறைத்து எடைபோடுவது இன்னொன்று. கலீசியாவில் கோடையிலும் மழை பெய்யும். பைக்கு வெளியுறை போட்டாலும், முதுகை ஒட்டிய பக்கம் வழியே தண்ணீர் இறங்கும். துணிகளைப் பைக்குள்ளேயே ஒரு பெரிய பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள். தைல மரம் பட்டையை நீளநீளமாக உரித்துப் பாதையில் போடும். நனைந்த பட்டையும் இலையும் வழுக்கும், இறக்கத்தில் இன்னும் மோசம். வெயில் நாளில் அந்த மரங்களின் நிழலை நம்பவும் முடியாது, இலைத்திரை மெல்லியது. தொப்பியும் ஒரு லிட்டர் தண்ணீரும் கையில் இருக்கட்டும்.

காலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். புதுக் காலணியோடு வராதீர்கள். பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரற்கடை இடம் வேண்டும், நடக்க நடக்கப் பாதம் வீங்கும். பருத்திக் காலுறை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கம்பளிக் கலப்பு நல்லது. ஐந்தாறு கிலோமீட்டருக்கு ஒருமுறை காலணியைக் கழற்றிப் பத்து நிமிடம் காற்றாட விடுங்கள். ஓரிடம் சுருக்கென்று சூடாக உறுத்தினால் உடனே நிறுத்தி, ஈரத்தைத் துடைத்து, டேப் ஒட்டுங்கள். அடுத்த ஊரில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவதற்குள் கொப்புளம் எழும்பிவிடும். கொப்புளத்துக்கான ஜெல் பிளாஸ்டரை இரவில் பிய்த்து எடுக்காதீர்கள், தோலோடு வந்துவிடும்.

பாதை என்-547 நெடுஞ்சாலையைப் பல இடங்களில் குறுக்கே கடக்கிறது. இந்தியாவிலும் இலங்கையிலும் பழகிய கண் முதலில் வலப்பக்கம் பார்க்கும். ஸ்பெயினில் வண்டி வலப்பக்கமாக ஓடுவதால், நம் அருகில் முதலில் வருவது இடப்பக்கத்திலிருந்து. காட்டின் அமைதியிலிருந்து சட்டென்று சாலையில் கால் வைக்கும் அந்தக் கணம்தான் இந்த நாளின் உண்மையான ஆபத்து. சுரங்கப்பாதை இருக்கும் இடத்தில் அதையே பயன்படுத்துங்கள். அவசர எண் 112.

காட்டில் ஒதுங்கிவிட்டுக் காகிதத்தை அங்கேயே போட்டுவிட்டுப் போவது வருத்தம் தரும் வழக்கமாகிவிட்டது. சிற்றூர்களில் காபிக்கடைகள் உண்டு. ஒரு காபி வாங்கிக் கழிப்பறையைப் பயன்படுத்தலாம், நடந்ததற்குச் சான்றாக வைத்திருக்கும் பயணிச் சீட்டில் முத்திரையும் வாங்கலாம். சாந்தியாகோவை அடைந்ததும் தரப்படும் கொம்போஸ்தெலா சான்றிதழுக்குக் குறைந்தது 100 கிலோமீட்டர் நடந்திருக்க வேண்டும், நாளுக்கு இரண்டு முத்திரை தேதியோடு இருக்க வேண்டும். இந்த ஒரு நாள் நடையை மட்டும் நடந்தவருக்கு அது கிடைக்காது. இரண்டு முத்திரையையும் இரவு விடுதியிலேயே வாங்கிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள், ஒன்றை நடுவழியில் வாங்குங்கள்.

கடைசியாக ஊர் நுழைவு. கமினோ ஓ பெத்ரௌசோவின் நடுவே போகாமல் ஒதுங்கிக் காட்டுக்குள் போகிறது. ஆ ருவா என்ற சிற்றூரைத் தாண்டி நெடுஞ்சாலையைத் தொட்டதும், அம்புக்குறியைத் தொடராமல் சாலையோடு இடப்பக்கம் திரும்பினால்தான் விடுதிகள் வரும். கவனிக்காதவர்கள் ஊரையே தாண்டிப் போய்விட்டுத் திரும்பி நடக்கிறார்கள். மறுநாள் காலை அதே இடத்துக்குப் பின்னோக்கி வரத் தேவையில்லை. ஊருக்குள்ளிருந்து பள்ளிக்கூடத்தை ஒட்டிச் செல்லும் தெருவே காட்டுப்பாதையில் கொண்டு சேர்க்கும்.