மலைக்கு வேலை தேடி வருபவருக்குத் துணை நிற்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

என் தாத்தா இலங்கையிலிருந்து மண்டபம் முகாம் வழியாக நீலகிரியில் உள்ள கூடலூருக்கு வந்தவர். 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-இல் டான்டீ என்கிற தமிழக அரசின் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. எந்த ஆபீசில் யாரைப் பார்ப்பது என்று தாத்தாவுக்குச் சொல்லித் தந்தவர், அவருக்கு முன்னால் வந்து சேர்ந்த இன்னொருவர். இன்று ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வருபவர்களுக்கு அப்படிக் கூட நிற்க இங்கே பலர் இருக்கிறோம். ஆனால் அவசரத்தில் சில தவறுகள் செய்கிறோம்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, ஆளைப் பார்த்ததுமே வேலையை முடிவு செய்வது. மலைக்கு வந்தால் கொழுந்து பறிப்புதான் என்று நமக்குப் பழகிவிட்டது. போன வருடம் ஜார்க்கண்ட்காரர் ஒருவரை நானே அப்படித்தான் தோட்டத்துக்கு அனுப்பினேன். ஒரு மாதம் கழித்துப் பார்க்கப் போனால், லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் உட்கார்ந்து, பக்கத்து வீட்டாரின் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருக்கிறார். கல்லில் தண்ணீர் தெளித்து நாலு இழுப்பு, கட்டைவிரலைக் குறுக்கே வைத்து ஒரு தடவல், மறுபடி இரண்டு இழுப்பு. விசாரித்தால், ஊரில் கொல்லுப்பட்டறை வைத்திருந்தவராம். நான் கேட்கவே இல்லை! இப்போது கோத்தகிரியில் கொழுந்து வெட்டும் மெஷின் பழுது பார்க்கும் கடையில் இருக்கிறார். வீணான அந்த ஒரு மாதத்துக்கு நான்தான் பொறுப்பு.

அதனால் முதல் நாளே படிவத்தை நீட்டாதீர்கள். ஒரு டீ வாங்கிக் கொடுத்து, ஊரில் காலையில் எழுந்ததும் என்ன வேலை பார்ப்பீர்கள் என்று கேளுங்கள். என்ன படித்தீர்கள் என்றால் தலையைக் குனிந்துகொள்பவர், இதற்கு அரை மணி நேரம் பேசுவார்.

மொழிபெயர்க்க ஆள் வேண்டுமே என்று, அவரைக் கூட்டிவந்த மேஸ்திரியையே பக்கத்தில் உட்கார வைப்பதும் தப்பு. முன்பணம் எவ்வளவு வாங்கினார், கூலியில் எவ்வளவு பிடிக்கிறார்கள் என்பதெல்லாம் மேஸ்திரி முன்னால் வாயிலிருந்து வராது. அதே ஊர்க்காரர் வேறு யாரையாவது தேடுங்கள். அப்புறம் எடை, கூலி, பிடித்தம், லீவு, இந்த நாலு சொல்லையாவது தமிழில் பழக்கிவிடுங்கள். முதலாளியிடம் அவரே பேசட்டும்.

பத்திரமாக இருக்கட்டும் என்று அசல் ஆதாரை வாங்கி வைக்கவே வைக்காதீர்கள். நகல் போதும். முன்பு பிஎஃப் பிடித்த இடத்தில் வேலை பார்த்தாரா என்றும் கேளுங்கள். யுஏஎன் என்பது பிஎஃப் உறுப்பினருக்குத் தரும் 12 இலக்க எண், வேலை மாறினாலும் அதுவேதான் தொடர வேண்டும். சொல்லாமல் விட்டுப் புது எண் போட்டுவிட்டால், பழைய பணத்தைச் சேர்ப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

வேலை கிடைத்ததும் நம் பங்கு முடிந்தது என்று விட்டுவிடுகிறோமே, அதுவும் சரியில்லை. டிசம்பர், ஜனவரி உறைபனியில் கொழுந்து கருகும். கிலோ கணக்கில் கூலி வாங்குபவருக்கு வருமானம் சட்டென்று இறங்கும். ஊருக்கே போய்விடலாம் என்று அவர் நினைப்பது அப்போதுதான். அந்தச் சமயம் வீடு வரை ஒரு நடை போய்வாருங்கள். சமவெளியிலிருந்து வந்தவர், போர்த்திக்கொள்ளக் கம்பளி இருக்கிறதா என்றும் பாருங்கள்.