எடக்கல் குகைக்குக் குடும்பத்தோடு செல்பவர்களுக்கு

கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளில் வசிப்பவர்கள் பாட்டவயல் வழியாகக் கேரள எல்லையைக் கடந்து, வயநாடு மாவட்டத்தில் சுல்தான் பத்தேரியை அடுத்த அம்புகுத்தி மலையிலுள்ள எடக்கல் குகையை ஒரே நாளில் பார்த்துத் திரும்பலாம். திங்கட்கிழமை விடுமுறை, மற்ற நாள்களில், வெயில் ஏறும் முன் மலையடியை அடையும்படி காலையிலேயே புறப்படுங்கள்.

கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,200 மீட்டர் உயரத்திலுள்ள இக்குகைக்குச் செங்குத்தான பாதையிலும் இரும்புப் படிகளிலும் ஏற வேண்டியிருப்பதால், மூட்டுவலியோ மூச்சுத்திணறலோ உள்ள பெரியவர்களை வற்புறுத்தி அழைத்துச் செல்வது சரியன்று. குழந்தைகளைப் பெரியவர்கள் இருவருக்கு நடுவில் ஏறச் செய்யுங்கள். மழைக்காலத்தில் பாறை வழுக்கும் என்பதால் பிடிப்புள்ள காலணி அவசியம்.

பாறைப் பிளவின் மேல் பெரும் பாறை ஒன்று சிக்கிக் கூரையாக அமைந்ததால் உருவான இடம் இது. உள்ளே சென்றதும், குறைந்த வெளிச்சத்துக்குக் கண்கள் பழகும்வரை சற்று நில்லுங்கள். அதன் பிறகே, சுவர்களில் கீறப்பட்ட, புதிய கற்காலத்தவை எனக் கருதப்படும் மனித, விலங்கு உருவங்களும் தமிழ் பிராமி எழுத்துகளும் தெளிவாகத் தெரியத் தொடங்கும். நம் மொழியின் மிகப் பழைய எழுத்து வடிவத்தைக் குழந்தைகளுக்கு நேரில் காட்டக் கிடைக்கும் அரிய வாய்ப்பு என்பதால், இங்கே மட்டும் அவசரப்படாதீர்கள். பலரும் விரலால் தடவத் தடவக் கீறல்கள் தேய்ந்துவிடும். ஆகவே எவரையும் தொட விடாதீர்கள். வௌவால்களோ தேன்கூடோ தென்பட்டால், சத்தமிடாமல் விலகி நடக்கவும்.