அத்தித்லான் ஏரிக்கரை நெசவு ஊருக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குவாத்தமாலாவின் மலைநாட்டில், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,560 மீட்டர் உயரத்தில், சான் பெத்ரோ, தோலிமான், அத்தித்லான் என்ற மூன்று எரிமலைகளின் காலடியில் இருக்கிறது அத்தித்லான் ஏரி. அதன் மேற்குப் பக்கக் கரையில் உள்ள சின்ன ஊர் சான் ஹுவான் லா லகூனா. சுதுஹீல் மொழி பேசும் மாயா மக்கள் வாழும் ஊர். பெண்கள் இடுப்புத் தறியில் நெய்யும் துணிக்கும், செடியிலும் பட்டையிலும் பூச்சியிலும் இருந்து எடுக்கும் சாயத்துக்கும் பெயர் போனது. அங்கே போகிற பெரும்பாலானவர்கள் ஒரே மாதிரியான தவறுகளைத்தான் செய்கிறார்கள். அதில் சிலவற்றால் நமக்கு நஷ்டம், சிலவற்றால் அந்த ஊர்க்காரர்களுக்கு நஷ்டம். எனக்கு இரண்டாவதுதான் அதிகம் உறுத்துகிறது.

எல்லாவற்றுக்கும் தலையாய தவறு, இந்த ஊரை ஒரு நாள் சுற்றுப்பயணத்தின் நடுவில் செருகுவது. ஏரிக்கரையின் இன்னொரு ஊரான பனஹாச்செல்லில் காலையில் படகு ஏறி, ஒரே நாளில் மூன்று ஊர் பார்த்துவிட்டு மாலைக்குள் திரும்பும் பயணங்கள் நிறைய உண்டு. அதில் போனால் சான் ஹுவானில் உங்களுக்குக் கிடைப்பது படகுத்துறையிலிருந்து மேலேறும் செங்குத்தான தெரு, அதன் இரு பக்கமும் கடைகள், சுவரோவியங்கள் முன்னால் சில படங்கள், ஒரு நெசவுக் கூடத்தில் அவசர அவசரமாக ஒரு செய்முறை விளக்கம், அவ்வளவுதான். நெசவு என்பது மெதுவாக நடக்கிற வேலை, அதை ஓடிக்கொண்டே பார்க்க முடியாது. ஒரு இரவாவது அங்கேயே தங்குங்கள். பகல் கூட்டம் படகேறிப் போன பிறகும், மறுநாள் காலையில் அடுத்த கூட்டம் வருவதற்கு முன்னாலும் அந்த ஊர் வேறு ஊராக இருக்கும். கூடத்தில் இருக்கும் பெண்களுக்கும் அப்போதுதான் நிதானமாகப் பேச நேரம் கிடைக்கும்.

அந்தச் செய்முறை விளக்கத்தைக் கொஞ்சம் உட்கார்ந்து பார்ப்பது ஏன் முக்கியம் என்று சொல்கிறேன். இடுப்புத் தறிக்கு மரச்சட்டம் கிடையாது. சில குச்சிகள், ஒரு கயிறு, ஒரு இடுப்புப் பட்டை, அவ்வளவுதான் தறி. பாவின், அதாவது நீளவாக்கில் ஓடும் நூல்களின், ஒரு முனையைத் தூணிலோ மரத்திலோ கட்டுகிறார்கள், மறுமுனை நெய்பவரின் இடுப்பைச் சுற்றி வரும் பட்டையில் மாட்டியிருக்கும். அவர் முட்டி போட்டு உட்கார்ந்து பின்னால் சாய்ந்தால் பாவு விறைக்கிறது, முன்னால் வந்தால் தளர்கிறது. ஊடை என்ற குறுக்கு நூலைக் கொடுத்து, வழவழப்பான ஒரு மரப் பலகையால் அடித்து இறுக்குகிறார். பூ, பறவை, மலை என்று எந்த வடிவம் வந்தாலும் அது தனி ஊடை நூலை விரலாலோ ஒரு கூர்முனைக் குச்சியாலோ இழை இழையாக எண்ணி எடுத்து உள்ளே விட்டது. துணியின் அகலம் நெய்பவரின் கை எட்டும் தூரத்தைத் தாண்டாது. அதனால்தான் வீபில் என்கிற மேலாடையைப் பெரும்பாலும் இரண்டு மூன்று துண்டுகளாக நெய்து ஒன்றாகத் தைக்கிறார்கள். வேலைப்பாடு அதிகமுள்ள ஒரு வீபிலுக்கு மாதக்கணக்கில் ஆகும், அதுவும் சமையல், பிள்ளைகள், மக்காச்சோளம் என்று எல்லாவற்றுக்கும் நடுவில்.

சாயம் போடுவதையும் விட்டுவிடாதீர்கள். சப்பாத்திக்கள்ளியில் ஒட்டி வாழும் கொச்சினில் பூச்சியைக் காயவைத்து, உள்ளங்கையில் வைத்துக் கசக்கிக் காட்டுவார்கள். சாம்பல் நிறத்தில் ஒரு பொட்டாக இருந்தது கை முழுக்கக் கருஞ்சிவப்பாகும், அதில் எலுமிச்சைச் சாறு பட்டால் ஆரஞ்சுப் பக்கம் போகும், சமையல் சோடா பட்டால் ஊதாவாக மாறும். நீலத்துக்கு அவுரி, தேன்காவிக்குத் தேங்காய் மட்டை, வேறு வேறு நிறங்களுக்குக் கேரட், செம்பருத்தி, அவகாடோ கொட்டை. சாயம் துணியில் பிடித்து நிற்க வாழைமரத்தின் தண்டைப் பயன்படுத்துகிறார்கள். ஒரே செடியாக இருந்தாலும் பறித்த பருவத்தையும் ஊறவைத்த நேரத்தையும் பொறுத்து நிறம் மாறும். அதனால் "இதே நிறத்தில் இன்னும் நாலு வேண்டும்" என்று கேட்டால் சங்கடப்படுவார்கள். கேட்காதீர்கள்.

சரி, விலைக்கு வருவோம். இங்கேதான் நம்மவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். பேரம் பேசுவது நம் ரத்தத்தில் ஊறியது, சந்தையில் பேசுவதும் தவறில்லை. பனஹாச்செல்லின் கடைத்தெருவிலோ சிச்சிகஸ்தெனாங்கோவின் வியாழன், ஞாயிறு சந்தையிலோ வியாபாரிகள் பேரத்தை எதிர்பார்த்தே விலை சொல்வார்கள், அங்கே சிரித்துக்கொண்டே பேசுங்கள். ஆனால் சான் ஹுவானின் கூட்டுறவுக் கூடங்களில் நிலைமை வேறு. பல கூடங்களில் ஒவ்வொரு துணியிலும் விலைச்சீட்டு இருக்கும், நெய்தவரின் பெயரும் இருக்கும், விற்ற பணத்தில் பெரும்பகுதி அவருக்குப் போய்ச் சேரும். அங்கே நின்றுகொண்டு பாதி விலைக்குக் கேட்பது, அந்தப் பெண்ணிடமே வந்து உன் வேலையில் பாதிக்குக் கூலி கிடையாது என்று சொல்வதுதான். விலை கட்டுப்படியாகவில்லை என்றால் சின்னதாக ஏதாவது வாங்குங்கள், அல்லது விளக்கத்துக்கு நன்றி சொல்லிவிட்டு, வைத்திருக்கும் பெட்டியில் ஏதாவது போட்டுவிட்டுக் கிளம்புங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

இதற்கு நேர் எதிரான தவறும் இருக்கிறது. மாயா ஊரில் விற்பதெல்லாம் கைத்தறி என்று நம்பிவிடுவது. மாயா வடிவங்களைப் பாலியஸ்டர் துணியில் அச்சடித்து மலிவாக விற்பது இப்போது பெருகிவிட்டது. தூரத்திலிருந்து பார்த்தால் நெய்தது போலவே இருக்கும். புடவை வாங்கும்போது நம் வீட்டுப் பெரியவர்கள் முந்தானையைத் திருப்பிப் பார்ப்பார்களே, அதையே செய்யுங்கள். அச்சடித்த துணியின் பின்பக்கம் வெளிறிக் கிடக்கும். நெய்த துணியில் வடிவத்துக்கான நூல் துணிக்குள்ளேயே ஓடும், பின்பக்கம் நூல் முனைகள் தெரியும். இடுப்புத் தறித் துணிக்கு இன்னொரு அடையாளம், வெட்டாத முழுத் துண்டாக இருந்தால் நான்கு பக்கமும் கரை முடிந்திருக்கும். கால்மிதித் தறியில் நெய்ததும் கைத்தறிதான், அதைப் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். அது ஸ்பானியர்கள் கொண்டுவந்த தறி, பெண்கள் உடுத்தும் கோர்த்தே என்ற பாவாடைத் துணி பெரும்பாலும் அதில்தான் வருகிறது. எந்தத் தறி என்று கேளுங்கள், சொல்வார்கள். ஆனால் இரண்டுக்கும் ஒரே விலை கிடையாது.

இந்த அச்சுத் துணி விவகாரம் வெறும் ஏமாற்று வியாபாரம் மட்டுமில்லை. தங்கள் வடிவங்களைக் கேட்காமல் எடுத்து விற்கும் நிறுவனங்களிடமிருந்து காப்பாற்ற வேண்டும் என்று 2016-ல் மாயா நெசவாளப் பெண்கள் நாட்டின் அரசியல் சாசன நீதிமன்றம் வரை போனார்கள். வடிவங்கள் அந்தந்தச் சமூகத்தின் கூட்டுச் சொத்து என்பது அவர்கள் வாதம். நான் அவர்கள் பக்கம்.

புகைப்படம் எடுப்பதில் பலர் கொஞ்சமும் யோசிப்பதில்லை. கேட்டுவிட்டு எடுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், தூரத்திலிருந்து ஜூம் போட்டுத் திருட்டுத்தனமாக எடுக்காதீர்கள். குறிப்பாகக் குழந்தைகள். அழகாக உடுத்திய ஒரு குழந்தையைக் கொஞ்சுவதும் படமெடுப்பதும் நமக்குச் சாதாரணம், ஆனால் குவாத்தமாலாவின் மலைநாட்டில் குழந்தை கடத்தல் பற்றிய பயம் ஆழமானது. 2000-ல் தோதோஸ் சாந்தோஸ் என்ற மலை ஊரில் அப்படி ஒரு வதந்தியால் கூட்டம் திரண்டு ஒரு ஜப்பானியச் சுற்றுலாப் பயணியையும் ஒரு பேருந்து ஓட்டுநரையும் கொன்றுவிட்டது. அது ஏரியிலிருந்து வெகு தூரம், சான் ஹுவான் அமைதியான ஊர். இருந்தாலும் அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்து நடந்துகொள்வது நல்லது. 1960 முதல் 1996 வரை நடந்த உள்நாட்டுப் போரில் கொல்லப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் மாயா மக்கள். உடையைப் பார்த்தாலே எந்த ஊர் என்று தெரிந்துவிடும் என்பதால், அந்த வருடங்களில் உயிருக்குப் பயந்து பாரம்பரிய உடையைக் கழற்றி வைத்தவர்கள் பலர். இன்று அதை உடுத்திக்கொண்டு தெருவில் நடக்கும் ஒரு பாட்டியைப் பார்க்கும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

எல்லோரையும் "மாயா" என்று ஒரே கட்டாகக் கட்டுவதும் வேண்டாம். குவாத்தமாலாவில் மட்டும் 22 மாயா மொழிகள் இருக்கின்றன. ஏரியைச் சுற்றியே சான் ஹுவான், சான் பெத்ரோ, சான்டியாகோ ஊர்களில் சுதுஹீல், சான்டா கத்தரீனா பலோப்போ, சான் அந்தோனியோ பலோப்போ பக்கம் கக்சிகேல். உடையும் அப்படியே. சான்டா கத்தரீனாவில் நீலம் ஓங்கி நிற்கும், சான்டியாகோ வீபிலில் கழுத்தைச் சுற்றிப் பறவைகள். சான்டியாகோ பெண்கள் தலையைச் சுற்றி வட்டமாகச் சுற்றும் நீண்ட நாடாவைப் பார்க்க ஆசையென்றால் உங்கள் பையில் இருக்கும் 25 சென்டாவோ நாணயத்தை எடுங்கள், அதில் இருப்பது அந்த ஊரைச் சேர்ந்த கொன்செப்சியோன் ராமிரேஸ் மென்தோசா. ஸ்பானிஷ் பலருக்கு இரண்டாம் மொழி என்பதால், உங்களுக்கு அரைகுறை ஸ்பானிஷ் தெரிந்தாலே போதும், மெதுவாகப் பேசிச் சமாளிக்கலாம்.

அப்புறம் படகு. பனஹாச்செல்லில் சான்டியாகோ போகும் படகுக்கு ஒரு துறை, சான் ஹுவான், சான் பெத்ரோ பக்கம் போகும் லாஞ்சா என்ற சின்னப் படகுக்கு வேறு துறை, மாறிப் போய் நிற்காதீர்கள். உள்ளூர்க்காரர்களுக்குக் கட்டணம் குறைவு, அதற்காகப் படகுக்காரரிடம் சண்டை போடுவது அழகில்லை. அந்தப் படகுதான் உள்ளூர்க்காரர்கள் தினமும் வேலைக்கும் சந்தைக்கும் போய்வரும் பேருந்து மாதிரி. மதியத்துக்கு மேல் ஷோகோமில் என்ற காற்று கிளம்பி அலை எழுப்பும், படகின் முன்பக்கம் தூக்கித் தூக்கிப் போடும், உட்கார்ந்தவர் நனைந்துவிடுவார். எனவே காலையில் பயணம் செய்யுங்கள், பின்பக்கம் உட்காருங்கள், வாங்கிய துணியை நீர் புகாத பையில் போட்டுவையுங்கள். பொதுப் படகுகள் மாலையோடு நின்றுவிடும். கையில் சின்னக் கெட்ஸால் நோட்டுகள் வைத்திருங்கள், நூறு கெட்ஸால் மாதிரி பெரிய நோட்டை நீட்டினால் சில்லறைக்கு அலைய வேண்டியிருக்கும்.

ஏரித் தண்ணீரைக் குடிக்க வேண்டாம், அதில் சோப்புப் போட்டு எதையும் அலசவும் வேண்டாம். இந்த ஏரியிலிருந்து வெளியே ஓடும் ஆறு கிடையாது, கழிவும் சோப்பும் உள்ளேயே தங்குகிறது. 2009-ல் ஏரியின் பரப்பில் ஏறக்குறைய 40 சதவீதத்தில் பாசி படர்ந்து கிடந்தது. பக்கத்து ஊரான சான் பெத்ரோ 2016-லேயே பிளாஸ்டிக் பைக்கும் உறிஞ்சுகுழலுக்கும் தடை போட்டது, ஆகவே துணிப்பையோடு போங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு தவறு நடக்கும். இயற்கைச் சாயத் துணியை வாஷிங் மெஷினில் மற்ற துணிகளோடு போட்டுவிடுவார்கள். முதல் சில முறை தனியாக, குளிர்ந்த தண்ணீரில், மென்மையான சோப்பில் கையால் அலசுங்கள். முறுக்கிப் பிழியாமல் நிழலில் காயப் போடுங்கள். எலுமிச்சையோ வினிகரோ கலந்த எதையும் கொச்சினில் சிவப்பின் மேல் படவிடாதீர்கள், கூடத்தில் உங்கள் கண்முன் நிறம் மாறியது போலவே இங்கேயும் மாறிவிடும்.