காணாமல் போன நடுக்குரல்

நானே வடிவமைத்த மூன்று வழி ஸ்பீக்கரில் பாஸ் அருமை, ட்வீட்டர் தெளிவு; ஆனால் பாடுபவரின் குரல் மட்டும் சுவருக்குப் பின்னாலிருந்து வந்தது. தாழ்ந்த ஒலிக்கு ஆறரை அங்குல வூஃபர், நடு ஒலிக்கு நாலு அங்குல மிட், உச்ச ஒலிக்கு ஒரு அங்குல ட்வீட்டர். ஒலியை இவற்றுக்குப் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவர் 500 ஹெர்ட்ஸிலும் 3,000 ஹெர்ட்ஸிலும்.

ஒரு மீட்டர் தள்ளி மைக் வைத்து அளந்தேன். பிரியும் இரண்டு இடத்திலும் சத்தம் குறைந்து பள்ளம். கீழே 500 ஹெர்ட்ஸில் அறையின் எதிரொலி கலந்துவிடும் என்பதால் 3,000 ஹெர்ட்ஸ் பள்ளத்தைத்தான் நம்பினேன்.

ஆக்டேவுக்கு, அதாவது அதிர்வெண் இரட்டிப்பாகும் ஒவ்வொரு படிக்கும், 12 டெசிபல் சரியும் கிராஸ்ஓவர் ஃபில்டரில், பிரியும் புள்ளியில் அங்கே சந்திக்கும் இரண்டு டிரைவர்களும் (ஒலி எழுப்பும் கூம்புகள்) 180 டிகிரி விலகி நிற்கும். ஒன்று காற்றை முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கும். சத்தம் ஒன்றையொன்று தின்றுவிடும். அதனால் இரண்டு புள்ளியிலும் பங்குள்ள மிட்டின் பிளஸ், மைனஸ் கம்பிகளை மட்டும் மாற்றிப் போட்டேன். அவ்வளவுதான், இரண்டு பள்ளமும் நிரம்பி, குரல் முன்னே வந்து நின்றது! அந்தச் சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

அப்புறம் ட்வீட்டர் கொஞ்சம் தூக்கலாகத் தெரிந்தது. 8 ஓம் ட்வீட்டரில் 3 டெசிபல் குறைக்க, தொடராகச் சுமார் 2.3 ஓம், இணையாக 19 ஓம் ரெசிஸ்டர் போதும்.

பெட்டியை ஒட்டும் முன்பே மிட்டுக்குத் தனி அறை அடைத்துவிடுங்கள். வூஃபரின் காற்றழுத்தம் அந்தச் சின்னக் கூம்பை ஆட்டிவிடும்.