வெங்கச்சங்கல்லில் சில்லு எடுப்பது எப்படி?

கற்கருவி செய்து பார்க்க நினைப்பவர்கள் பெரும்பாலும் கைக்கோடரியில்தான் தொடங்குவார்கள். குமரி மாவட்டத்தில் அது சரிப்படாது. சென்னைக்கு அருகே, பழங்காலக் கைக்கோடரிகள் கிடைத்த அத்திரம்பாக்கத்துக்காரர்களுக்கு நல்ல குவார்ட்சைட் கிடைத்தது; இங்கே மலையெல்லாம் சார்னோக்கைட்டும் நைசும். பருமணியான கல், அடித்தால் நொறுங்கும், கூர் நிற்காது. நமக்கு உதவுவது வெங்கச்சங்கல், அதாவது குவார்ட்ஸ் என்னும் வெள்ளைக் கல். எத்தியோப்பியாவின் ஓமோ பள்ளத்தாக்கில் சுமார் 23 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கல்லின் சிறு உருண்டைகளை உடைத்துச் சில்லு எடுத்திருக்கிறார்கள்.

கல் தேர்வுதான் பாதி வேலை. குழித்துறையாறு, பழையாறு படுகைகளில் எலுமிச்சம்பழ அளவிலிருந்து கைப்பிடி அளவு வரை, உருண்டு தேய்ந்த கல்லாகத் தேடுங்கள். இன்னொரு கல்லால் தட்டினால் 'டிங்' என்று கேட்க வேண்டும். மந்தமான சத்தம் வந்தால் உள்ளே விரிசல். குவாரிக் கல் வேண்டவே வேண்டாம், வெடி வைத்ததில் அது ஏற்கெனவே உள்ளுக்குள் உடைந்திருக்கும்.

அடிக்கல்லாகத் தட்டையான கருங்கல், சுத்தியலாக அரைக்கிலோ முதல் ஒரு கிலோ வரை எடையுள்ள உருண்டைக் கல் போதும். கண்ணாடி, முகக்கவசம், தோல் கையுறை கட்டாயம். இந்தத் தூசு சிலிக்கா, நுரையீரலைக் கெடுக்கும். அதனால் வெளியில், காற்று முதுகுப்பக்கமிருந்து வரும்படி, தார்ப்பாய் விரித்து உட்காருங்கள்.

வெங்கச்சங்கல்லை அடிக்கல்மேல் நெட்டுக்குத்தாக நிறுத்தி, பக்கங்களைச் சாக்குத்துணியால் சுற்றிப் பிடியுங்கள். உச்சியில் செங்குத்தாக, ஒரே உறுதியான அடி. பயந்து பயந்து தட்டினால் உச்சி மாவாகும், விரிசல் எல்லாப் பக்கமும் ஓடும், பிறகு சில்லே வராது. சாய்த்து அடித்தால் விரல் போகும். பாதிக்குமேல் உதவாத துணுக்காகத்தான் விழும். அது கல்லின் குணம். 2, 3 செ.மீ. நீளமும் மெல்லிய ஓரமும் உள்ளதைப் பொறுக்குங்கள்.

சாளை மீனையோ ஆட்டுக்கால் தசைநாரையோ அறுத்துப் பாருங்கள். கூர் மழுங்கினால் தீட்ட மெனக்கெடாதீர்கள், அடுத்த சில்லை எடுங்கள். அதே சுத்தியல் கல்லால் கால் எலும்பை உடைத்தால் மச்சை வெளிவரும். எத்தியோப்பியாவின் பூரியில் கிடைத்த 25 லட்சம் ஆண்டுப் பழமையான விலங்கெலும்புகளில் வெட்டுத் தழும்பும் இப்படி அடித்துடைத்த தழும்பும் உண்டு. கென்யாவின் கஞ்சேரா புல்வெளியில், சுமார் 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன், நல்ல கல்லை 10 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தும் சுமந்து வந்திருக்கிறார்கள்.

மிஞ்சிய துணுக்கைத் தேரிமணலில் (செம்மணல் மேட்டில்) கொட்டாதீர்கள்; தூத்துக்குடி, நெல்லைத் தேரிகளில் உண்மையான நுண்கற்கருவிகள் கிடக்கின்றன. குழி தோண்டி, ஆண்டு பொறித்த நாணயம் ஒன்றோடு சேர்த்துப் புதையுங்கள்; பின்னால் தோண்டுபவர்களுக்கு இது இந்தக் காலத்து வேலை என்று தெரியும்.